நிலவறையில் ஒரு பச்சை ஜூனிபர்

எய்லா கார்வோனெனுக்கு அருவருப்பு லேசில் வராது. ஹால்வர் பே மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தவள். ரத்தம், சீழ், வாந்தி, இன்னும் சொல்லக்கூடாதவை எல்லாம் தோய்ந்த விரிப்புகளைக் காலை முழுக்கப் பிரித்துப் போடுவாள். பன்னிரண்டு மணிக்குக் கையைக் கழுவிவிட்டு நிம்மதியாக முட்டை சாண்ட்விச் சாப்பிடுவாள். "உடம்புன்னா ஒழுகத்தான் செய்யும், அதுல என்ன இருக்கு" என்பாள். அவளுக்குக் குமட்டுவது வேறு. தேன் தடவின குரலில் பொய் சொல்லும் ஆட்களைக் கண்டால்தான் அவளுக்கு வயிற்றைப் புரட்டும்.

அப்படிப்பட்ட ஆட்கள் வருஷா வருஷம் அக்டோபரில் கையில் தொட்டியோடு அவள் வீட்டு வாசலுக்கே வந்தார்கள். அதுதான் கொடுமை.

ஊரில் பதினான்கு பேர் கொண்ட, தொட்டியில் குட்டை மரம் வளர்க்கும் ஒரு போன்சாய் சங்கம் இருந்தது. குளிர் வந்தால் அவர்களுடைய மரங்கள் இரண்டு ஜாதியாகப் பிரியும். ஜூனிபர் என்கிற ஊசியிலை மரம், லார்ச், மேப்பிள் எல்லாம் இந்த மண்ணின் ஜாதி. வெளியே தொட்டியோடு புதைத்து, மேலே பனி மூடி, நாலைந்து மாதம் தூங்கினால்தான் அவை உயிரோடு இருக்கும். ஆல், ஜேட், காகிதப்பூ எல்லாம் வெயில் தேசத்து ஜாதி. ஒரே ஒரு உறைபனி பட்டால் போதும், மறுநாள் கீரை மசியல்தான். நவம்பர் முதல் இங்கே ஜன்னலில் விழும் வெயில் ஒரு புண்ணியத்துக்கும் ஆகாது. அதனால் வெயில் தேசத்து மரங்கள் எல்லாம் எய்லாவின் நிலவறைக்கு வந்து சேரும். அங்கே தரையில் தண்ணீர் வடியும் துவாரம் இருந்தது. ஏனென்றால் அவள் கணவன் ஆர்வோவின் சவுனா என்கிற நீராவிக் குளியலறை அங்கேதான் இருந்தது.

எய்லா விளக்குகளை ஏற்பாடு செய்யும் விதத்தைப் பார்த்தால் அறுவை சிகிச்சைக்குத் தயார் செய்வது போல இருக்கும். நாலு தட்டு இரும்பு அலமாரிகள் மூன்று. சுவருக்குப் புதிதாக வெள்ளையடிப்பு. ஒவ்வொரு தட்டுக்கும் மேலே இரண்டு எல்இடி குழல்கள், சங்கிலியில் தொங்கும். மரம் வளர வளர ஒவ்வொரு கண்ணியாக ஏற்றலாம். இலைக்கும் விளக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. கூழாங்கல் பரப்பிய தட்டுகளில் தண்ணீர். மூலையில் ஒரு சின்ன மின்விசிறி. காலை ஆறு மணிக்கு டைமர் போடும், இரவு எட்டுக்கு அணைக்கும். முதல் வருஷம் கடைக்காரன் பேச்சைக் கேட்டு ஊதா விளக்கு வாங்கிவிட்டாள். அந்த வெளிச்சத்தில் இலையில் நோய் இருக்கிறதா இல்லையா என்று ஒன்றும் தெரியவில்லை. ஆர்வோவின் முகம் மூன்று நாள் ஆன பிணம் மாதிரி இருந்தது. எதிர்வீட்டுக்காரர் வேறு, "கஞ்சா வளக்கறீங்களாம்மா, எனக்கும் கொஞ்சம் குடுங்க" என்று சிரித்தார். மறு வாரமே தூக்கிக் குப்பையில் போட்டாள்.

வரும் மரங்கள் லட்சணமாகவா வரும்? இலைக்கடியில் மாவுப்பூச்சி பஞ்சு பஞ்சாக அப்பியிருக்கும். கிளை இடுக்கில் செதில் பூச்சிகள் காய்ந்த பொருக்கு மாதிரி ஒட்டியிருக்கும். அவை பொழியும் பிசின் தொட்டியிலிருந்து அலமாரிக்கு வடிந்து, தொட்டால் விரலோடு வரும். மண்ணுக்குள் நத்தை. தொட்டியடியில் மரவட்டை. மீன் உரம் ஊற்றிக் கொண்டுவந்தால் வீடு முழுக்க அழுகின மீன் வீச்சம். கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "அய்யோ, நேத்துதானே கழுவினேன், எங்கருந்து வந்துதுன்னே தெரியலையே!" புது மரம் எதுவும் இரண்டு வாரம் சவுனாவுக்கு முன்னால் உடை மாற்றும் அறையில் ஒதுங்கிக் கிடக்க வேண்டும் என்பது எய்லாவின் சட்டம். பல் துலக்கும் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் வைத்துக்கொண்டு கிளை கிளையாகத் தேய்ப்பாள். சனிக்கிழமை தோறும் ஆர்வோ துண்டைக் கட்டிக்கொண்டு, யாரோ ஒருத்தர் வீட்டுக் காகிதப்பூவைத் தாண்டித்தான் குளிக்கப் போவான்.

"முள்ளு குத்துது எய்லா."

"ஓரமா போ."

"ஓரத்துல யாரோ ஒரு அம்மாவோட கத்தாழை இருக்கு. அதுவும் குத்துது. குத்தற இடத்தை உங்கிட்ட சொல்லவும் முடியல."

இவ்வளவு அசிங்கத்தையும் அவள் எதற்குச் சுமந்தாள்? பதினொரு குளிர்காலத்தில் அவள் நிலவறையில் ஒரு மரம்கூடச் செத்ததில்லை. பள்ளிப் படிப்பை முடிக்காதவள், பிள்ளை இல்லாதவள், சர்ச் பாடகர் குழுவில் கடைசி வரிசை. ஊரில் அவளுக்கு இருந்த பெயர் இது ஒன்றுதான். "எய்லாகிட்ட விட்டா மரம் சாகாது" என்று சங்கத்தில் சொல்வார்கள். அதைக் கேட்கும்போது கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். உள்ளுக்குள் அந்தப் பெயருக்காக உயிரையே விடுவாள்.

அந்த வருஷம் நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த வாரம் சங்கத் தலைவர் டாக்டர் லைல் ஸ்டென்ஸ்ருட் வந்தார். ஓய்வு பெற்ற பல் மருத்துவர். ஊரில் பாதிப் பேர் வாய்க்குள் கை விட்டவர் என்பதாலோ என்னவோ, யாரும் அவர் எதிரே வாயைத் திறப்பதில்லை. கையில் அவருடைய ஜூனிபர். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஏரிக்கரைப் பாறை இடுக்கிலிருந்து பெயர்த்தது. பாறையில் அதற்கு முன் நூறு வருஷமாவது இருந்திருக்கும். அடிமரம் முறுக்கிய துணி மாதிரி திரும்பி, பாதி வெளுத்த கட்டை, பாதி உயிர்ப்பட்டை. இரண்டு தடவை உறைபனி வாங்கி, அது அப்போதே தூங்கப் போயிருந்தது.

"எய்லா, உங்களுக்குத் தொந்தரவு குடுக்க எனக்கு மனசே வரல."

"அதுல என்ன இருக்கு டாக்டர்."

"போன வருஷம் பனிக்கடியில எலி பூந்து என் ரெண்டு மரத்தோட பட்டைய சுத்திக் கடிச்சிருச்சு. இதையும் அப்படி விட்டுட்டு அரிசோனா போனா எனக்குத் தூக்கமே வராது. உங்க விளக்குக்கடியில வச்சுக்கங்களேன்."

"எங்க கராஜ்ல வைக்கலாம் டாக்டர். கம்பிவலை போட்டா எலி வராது. குளிரும் கெடைக்கும். ஜூனிபர் தூங்கணும் இல்லையா."

"கராஜ்ல வச்சா செம்பட்டை ஆயிடுமே. மார்ச் கண்காட்சிக்கு நல்ல பச்சையா வேணும். எல்லாரும் பழுப்பு ஜூனிபரக் கொண்டாந்து வைக்கறாங்க, பாக்கவே சகிக்கல."

இதற்காகவா என்று எய்லாவுக்குத் தோன்றியது. நூற்று முப்பது வருஷ மரம் குளிரில் நிறம் மாறுவது அதன் பழக்கம். அது இந்த மனுஷருக்கு அழகாக இல்லையாம். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் சொன்னது, "இடம்தான் கொஞ்சம் நெருக்கமா இருக்கு..." அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய மறுப்பு தெரியாது. லைலும் அங்கேயே பிறந்தவர்தான். அவருக்கு நன்றாகவே புரிந்தது.

"அந்த மேல் தட்டுல ஜேடைக் கொஞ்சம் நகத்தினா கச்சிதமா உக்காந்துரும்" என்று சொல்லிவிட்டு, தானே நகர்த்தி வைத்தார். போகிறபோது திரும்பி, "ஞாயித்துக்கிழமை தோறும் ஒரு போட்டோ மட்டும் அனுப்பிருங்க. நம்ம குரூப்ல போட்டுருவேன், எல்லாரும் பாத்து சந்தோஷப்படட்டும்" என்றார்.

கார் போனதும் ஆர்வோ படியில் உட்கார்ந்தபடி சொன்னான். "வேண்டாம்னு சொல்றதுக்கு என்ன கேடு?"

"சொன்னேனே."

"எப்போ? நானும் இங்கதான் நின்னேன்."

"இடம் இல்லன்னு சொன்னேன்ல."

"கராஜ்ல வச்சிரு. அரிசோனாவுல இருக்கறவருக்கு என்ன தெரியப் போவுது."

"வாராவாரம் போட்டோ கேக்கறாரு. செம்பட்டை ஆனா தெரிஞ்சுரும்."

"தெரியட்டுமே!"

எய்லா வேண்டாம் என்று சொல்லத் தெரியாத தன் வாயைத் தானே வெறுத்துக்கொண்டு, டைமரைச் சரிபார்க்கப் போனாள்.

டிசம்பர் முழுக்க ஜூனிபர் பளபளவென்று இருந்தது. பதினாலு மணி நேர வெளிச்சமும் கதகதப்பும் அதை வசந்தம் என்று ஏமாற்றின. எய்லா ஞாயிறு தோறும் போட்டோ அனுப்பினாள். லைல் அதைக் குழுவில் போட்டார். "எய்லாவோட கைராசியப் பாருங்க!" என்று கீழே எழுதினார். புதிதாகச் சேர்ந்திருந்த ட்ரூடி என்ற பெண், "ஞாயித்துக்கிழமை எந்திரிச்சதும் நான் மொதல்ல பாக்கறது இந்த மரத்தைத்தான்" என்று எழுதினாள். நியூஜெர்ஸியிலிருந்து வேலைக்காக வந்தவள், முப்பது வயது இருக்கும். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கின ஒரு குண்டு வேர் ஆல் மட்டும்தான் அவளிடம் இருந்தது. அதையும் எய்லாவிடம் குளிர்காலத்துக்கு விட்டிருந்தாள். சங்கத்தார் அந்தச் செடியைப் பார்த்து "ரொம்ப நல்லாருக்கே" என்று சொல்லிவிட்டு, அவள் போனதும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஜனவரி பதினாலாம் தேதி தண்ணீர் ஊற்றும்போது எய்லாவின் கை ஜூனிபர் மேல் பட்டது. பச்சைதான். ஆனால் தொட்டால் காகிதம் மாதிரி சரசரத்தது. நுனியில் புதுத் துளிர் ஒன்றுகூட இல்லை. அடிக்கிளைக்குக் கீழே, முன்னால் நின்று பார்த்தால் தெரியாத இடத்தில், கட்டை விரல் நகத்தால் பட்டையைச் சுரண்டினாள். உயிருள்ள மரம் என்றால் உள்ளே ஈரப்பச்சை தெரியும். இங்கே டீத்தூள் நிறம், வறட்டுத் தூள். இன்னொரு கிளையைச் சுரண்டினாள். அங்கேயும் அதேதான். மரம் செத்து வாரக்கணக்கு ஆகியிருந்தது.

ஜூனிபர் செத்தால் செத்தது தெரியாது. வெட்டிக் கொண்டுவந்த கிறிஸ்துமஸ் மரம் ஒரு மாதம் பச்சையாக நிற்கவில்லையா, அதே கதைதான். இது இன்னும் மூன்று நாலு மாதம் நிற்கும். மே மாதம்தான் பழுக்க ஆரம்பிக்கும். அப்போது அது லைலின் தோட்டத்தில் இருக்கும்.

இந்தக் கணக்கு எய்லாவின் தலையில் ஓடி முடிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஃபோன் போட்டு சொல்லிரு" என்றான் ஆர்வோ.

"மார்ச்சுல வந்து எடுத்துட்டுப் போகட்டும்."

"செத்த மரத்தையா?"

"பச்சையா வேணும்னாரு. பச்சையா இருக்கு. அது அவர் கேட்டதுதானே? வேணாம் வேணாம்னு சொன்னேன், கேட்டாரா? மே மாசம் அவர் வீட்டுல பழுத்தா அது அவர் பாடு."

"வேணாம்னு நீ சொல்லல" என்றான் ஆர்வோ மறுபடியும். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த மனுஷர் மேல் இருந்த அருவருப்பு அவளுக்கு நல்ல சாக்காக இருந்தது. அதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி வளர்த்தாள். அரிசோனாவிலிருந்து அவர் அனுப்பும் நீச்சல்குளப் படத்தைப் பார்ப்பாள். ச்சீ என்று வரும். உடனே மனசு லேசாகும். பிப்ரவரியில் பச்சை மங்கத் தொடங்கியது. தண்ணீரில் நாலு சொட்டுச் சமையல் எண்ணெய் கலந்து ஜூனிபர் மேல் தெளித்துவிட்டுப் போட்டோ எடுத்தாள். செத்தவன் முகத்துக்குப் பவுடர் பூசுகிற வேலை. எண்ணெய் வாசனை விரலிலிருந்து போகவில்லை. மூன்று தடவை சோப்புப் போட்டாள். "போன வாரத்தைவிட இப்ப இன்னும் அழகு!" என்று குழுவில் பதினொரு பேர் எழுதினார்கள். அன்று மதியம் முட்டை சாண்ட்விச்சைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். அவளுக்கு அது புதுசு.

மார்ச்சில் கண்காட்சி, பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில். கறுப்புத் துணி விரித்த மேஜையில் நடு நாயகமாக ஜூனிபர். முந்தின வாரமே லைல் வந்து அதை எடுத்துப் போயிருந்தார். அரிசோனா வெயிலில் முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. வந்தவர்கள் எல்லாம் ஜூனிபர் முன்னால் நின்று வாய் பிளந்தார்கள். அத்தனை பழுப்பு ஜூனிபர்களுக்கு நடுவில் அது ஒன்றுதான் பச்சை. "எய்லா வச்சிருந்தாங்களாம்" என்று காதுபடப் பேசிக்கொண்டார்கள். எய்லா ஒரு மேஜை ஓரத்தில், முகத்தில் ஒன்றும் காட்டாமல் நின்றாள்.

மூன்று மணிக்கு லைல் கையைத் தட்டினார். சங்கத்தார் பதினான்கு பேரும் காபிக் கோப்பையோடு கூடினார்கள்.

"எனக்கும் வயசாச்சு. இந்த மாதிரி மரம் இளம் கைக்குப் போகணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன்" என்றார். "ட்ரூடி, இதை உங்களுக்குக் குடுக்கறேன்."

ட்ரூடி இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். எல்லோரும் கை தட்டினார்கள். "எனக்கா? நெஜமாவா டாக்டர்? எனக்கு ஒண்ணுமே தெரியாதே!" என்றவள் எய்லா பக்கம் திரும்பினாள். "எய்லா, நீங்கதான் சொல்லிக்குடுக்கணும். நான் கொன்னுருவேனோன்னு பயமா இருக்கு."

எய்லா ஜூனிபரைப் பார்த்தாள். மே மாதம் இந்தப் பெண் பழுத்த மரத்தின் முன்னால் நின்று, தண்ணீர் அதிகமாக ஊற்றினோமோ, குறைவாக ஊற்றினோமோ என்று அழுவாள். சங்கத்தார் "பரவாயில்ல, எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்று சொல்லிவிட்டு, அவள் முதுகுக்குப் பின்னால் பார்வை பரிமாறிக்கொள்வார்கள். இந்த மனுஷருக்கு இத்தனை தாராளம் எங்கிருந்து வந்தது? நாற்பது வருஷமாக ஒரு நாற்றுகூட யாருக்கும் கொடுக்காதவர். மேஜைக்குப் போனாள். தொட்டியை மெல்லத் திருப்பி, அடிக்கிளைக்குக் கீழே குனிந்து பார்த்தாள். அவள் நகம் சுரண்டின வடு கறுத்துப்போயிருந்தது. அதற்குப் பக்கத்தில் புதிதாக, நேர்கோடாக, சின்னதாக இன்னொரு கீறல். கூர்மையான கத்தி, பழகின கை. அவரும் சுரண்டிப் பார்த்திருக்கிறார்.

நிமிர்ந்தாள். லைல் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காக அவளுக்குத் தெரிந்த அதே சிரிப்பு. 'நமக்குள்ள என்ன' என்று அது சொல்லியது. எய்லாவுக்கு வாய்க்குள் எச்சில் ஊறிக் கசந்தது.

"இது செத்துப்போச்சு ட்ரூடி" என்றாள்.

யாரோ கோப்பையை மேஜையில் வைத்தார்கள்.

"ஜனவரி பதினாலாம் தேதியே செத்துப்போச்சு. என் வீட்டுலதான்."

"வெயில் வந்தா துளுத்தாலும் துளுக்கும்" என்றார் சங்கச் செயலாளர், காபியைப் பார்த்துக்கொண்டே. "ஆமாமா, சொல்ல முடியாது" என்றது இன்னொரு குரல்.

"துளுக்காது." எய்லா தொட்டியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் திருப்பினாள். "இது என் நகம். இந்தக் கத்திக் கீறல் யாரோடதுன்னு எனக்குத் தெரியாது."

தெரியாதாம்! அந்த நேரத்திலும் அவள் வாய் அவர் பெயரைச் சொல்ல மறுத்தது. லைலின் காது மட்டும் சிவந்தது. "அப்படியா? அடடா, கவனிக்கவே இல்லையே" என்றார் மிருதுவாக. சங்கத்தார் ஒவ்வொருவராகக் கூடத்தின் மேற்கூரையை, கூடைப்பந்து வளையத்தை, தங்கள் காலணியைப் பார்த்தார்கள். அவர்களிலும் இரண்டு மூன்று பேருக்குக் காலையிலேயே தெரிந்திருக்கும். முப்பது வருஷம் ஜூனிபர் வளர்த்தவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

ட்ரூடி மட்டும்தான் நேராகப் பார்த்தாள். "ஜனவரியா? அப்ப அந்த போட்டோ எல்லாம்?"

எய்லா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"ஒன்பது ஞாயித்துக்கிழமை நான் அதப் பாத்து ஆஹா ஓஹோன்னு எழுதினேன். நீங்க லைக் வேற போட்டீங்க."

"நான் முதல்லயே சொல்லியிருக்கணும்."

"அவரு எனக்குப் பொணத்தைக் குடுக்கறாரு. நீங்க ரெண்டு மாசமா அதுக்குப் பூ வச்சு பொட்டு வச்சு காட்டினீங்க." ட்ரூடி கத்தவில்லை, அவள் ஊரில் இதெல்லாம் சாதாரணமாகப் பேசுகிற குரல்தான். "உங்களுக்கும் அவருக்கும் என்னங்க வித்தியாசம்?"

எய்லா பதில் தேடினாள். நான் இப்போது சொன்னேனே என்று சொல்லலாம். அவர் சொல்லவில்லை, நான் சொன்னேன். அது வாய் வரை வந்து, அந்தக் கூடத்தின் வெளிச்சத்தில் மிக அற்பமாகத் தெரிந்தது. ட்ரூடி மேல்கோட்டை எடுத்தாள். "நாளைக்கு வந்து என் ஆலை எடுத்துக்கறேன். என் ஜன்னல்லயே அது சாகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு சாத்திய சத்தம் அடங்கினதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்: பனியைப் பற்றி, ஏரியில் ஐஸ் உடைவதைப் பற்றி, கூடத்தை எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்பதைப் பற்றி. எய்லா செத்த மரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். யாரும் அவளைத் திட்டவில்லை. யாராவது திட்டினால் தேவலை என்று இருந்தது.

லைல் கையில் ஒரு தட்டோடு வந்தார். அவர் மனைவி சுட்ட எலுமிச்சை கேக், சதுரம் சதுரமாக வெட்டியிருந்தது.

"ஒண்ணு எடுத்துக்கங்க எய்லா."

அவர் முகத்தைப் பார்க்கவே அவளுக்குக் குமட்டியது. கை தானாக நீண்டு ஒரு துண்டை எடுத்தது. கடித்து, மென்று, விழுங்கினாள்.

"நல்லாருக்கு டாக்டர்" என்றாள். "ரொம்ப தேங்க்ஸ்."